நோன்புக்கு முன் சமையல் ஏற்பாடு: உறைய வைக்கும் முறையும், அதில் அண்டை வீட்டாரின் பங்கும்



ஷஃபான் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் நோன்புக்கு என்னென்ன வாங்கி வைப்பது என்ற பேச்சு தொடங்கிவிடும். இந்த இதழில் வாங்குவதைப் பற்றி அல்ல, சமைத்து வைப்பதைப் பற்றிப் படிக்கப் போகிறோம். முன்கூட்டியே சமைத்து ஃப்ரீஸரில் உறைய வைத்து, நோன்பு நாட்களில் எடுத்துச் சூடாக்கிப் பரிமாறும் முறை இன்று தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பகுதிகளில் உள்ள நம் குடும்பங்கள் பலவற்றில் வந்துவிட்டது. அதைச் சரியாகச் செய்தால் வீட்டுப் பெண்களுக்கு இபாதத்துக்கு நேரம் கிடைக்கும், வீண்விரயம் குறையும். தவறாகச் செய்தால் நோன்பாளியின் வயிறு கெடும். இன்னொன்றும் உண்டு. நம் ஃப்ரீஸர் நமக்கு மட்டும்தானா, அதில் பிறருக்கும் பங்கு உண்டா என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

அஸரிலிருந்து மக்ரிப் வரை

நோன்பு நாளில் ஒரு சராசரி வீட்டைப் பார்ப்போம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மனைவி பஸ் பிடித்து வீடு வந்து சேரும்போது அஸர் நேரம் பாதி போயிருக்கும். வெங்காயம் உரிக்க வேண்டும், கைமா வதக்க வேண்டும், சமோசா மடிக்க வேண்டும், ஸர்பத் கலக்க வேண்டும். துஆ ஏற்றுக்கொள்ளப்படும் நேரம் என்று நாம் நம்பும் அந்தக் கடைசி அரை மணி நேரத்தை அவர் அடுப்படியில் நின்றபடியே கழிக்கிறார். பாங்கு சொல்லும்போது பேரீச்சம்பழம் ஒரு கையில், கரண்டி மறு கையில். இஷாவுக்குப் பிறகு பாத்திரம் கழுவுவதில் தராவீஹ் போய்விடும். விடிகாலை மூன்றரை மணிக்கு ஸஹருக்காக மறுபடியும் அடுப்பு.

வீட்டில் இருப்பவர் வெளிவேலைக்குப் போகாதவர் என்றாலும் கதை இதேதான். ஆண்கள் பள்ளிவாசலில் குர்ஆன் ஓதி முடித்துவிட்டு வருவார்கள். பெண்கள் ரமலானை அடுப்படியிலேயே முடிப்பார்கள். இதை மாற்ற ஷஃபான் மாதத்தின் நான்கு விடுமுறை நாட்கள் போதும்.

சேமித்து வைப்பது பற்றி மார்க்கம்

உணவைச் சேமிப்பது தவக்குலுக்கு மாறானது என்று சிலர் நினைப்பதுண்டு. அப்படியல்ல. யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரின் கனவுக்கு விளக்கம் சொன்னபோது, செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலை வரப்போகும் பஞ்ச ஆண்டுகளுக்காகச் சேமிக்கச் சொன்னார்கள். எப்படிச் சேமிப்பது என்றும் சொன்னார்கள்: உண்பதற்குத் தேவையானது போக மற்றதைக் கதிரிலேயே விட்டு வைக்க வேண்டும். சேமிப்பதற்கும் ஒரு முறை உண்டு என்ற பாடம் அதில் இருக்கிறது.

அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31 ஆம் வசனம் உண்ணவும் பருகவும் அனுமதித்துவிட்டு, உடனே வீண்விரயத்தைத் தடுக்கிறது. ஃப்ரீஸரில் ஆறு மாதம் கிடந்து, என்னவென்றே தெரியாமல் குப்பைக்குப் போகும் பொட்டலமும் வீண்விரயம்தான்.

மூன்றாவதாக, புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் உள்ள குர்பானி இறைச்சி பற்றிய செய்தி. ஓர் ஆண்டு மூன்று நாளுக்கு மேல் குர்பானி இறைச்சியை வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஸஹாபாக்கள் அதுபற்றிக் கேட்டபோது, சென்ற ஆண்டு மக்கள் சிரமத்தில் இருந்ததால்தான் அப்படிச் சொன்னதாகவும், இனி உண்ணலாம், உண்ணக் கொடுக்கலாம், சேமித்தும் வைக்கலாம் என்றும் விளக்கினார்கள். சேமிப்பு தன்னளவில் குற்றமல்ல. பசித்தவர் பக்கத்தில் இருக்கும்போது பூட்டி வைப்பதுதான் தடுக்கப்பட்டது. ஃப்ரீஸர் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த ஒரு செய்தி போதுமான பாடம்.

குளிர் கிருமியைக் கொல்லாது

முறைக்கு வருவோம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஃப்ரீஸர் கிருமிகளைத் தூங்க வைக்கும், கொல்லாது என்பது. மைனஸ் 18 டிகிரியில் கிருமி பெருகுவது நின்றுவிடும். வெளியே எடுத்து இளகியதும் மறுபடியும் பெருகத் தொடங்கும். கெட்டுப்போகத் தொடங்கிய உணவை உறைய வைத்தால், கெட்டுப்போகத் தொடங்கிய உணவுதான் திரும்பக் கிடைக்கும்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம்தான் ஆபத்தான எல்லை. அதில் கிருமிகள் விரைவாகப் பெருகும். சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று ஆறு மணி நேரத்தில் 18 முறை இரட்டித்தால் 2,62,144 ஆகும். இது ஏட்டுக் கணக்குதான். உணவில் எப்போதும் அதே வேகம் இருக்காது. ஆனாலும் திறந்த அடுப்படியில் இரவெல்லாம் இருக்கும் குழம்புச் சட்டியில் என்ன நடக்கிறது என்பதை இந்தக் கணக்கு புரிய வைக்கும்.

ஆறவிடுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சமைத்த உணவை முதல் 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் கொண்டுவர வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பில் பின்பற்றப்படும் விதி. சென்னையில் மார்ச் மாதத்து மாலையிலேயே காற்றின் வெப்பம் 28, 30 டிகிரி இருக்கும். மேடையில் எவ்வளவு நேரம் வைத்தாலும் சட்டி 21 டிகிரிக்கு வராது. மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரும் வெதுவெதுப்பாகத்தான் வரும். எனவே நம் ஊரில் ஐஸ் இல்லாமல் ஆறவைக்க முடியாது.

ஆறு படிகள்

1. முழுமையாகச் சமையுங்கள். கறி உள்வரை வெந்திருக்க வேண்டும். உப்பும் காரமும் சற்றுக் குறைவாக இருக்கட்டும்; சூடாக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

2. வேகமாக ஆறவையுங்கள். ஆழமான சட்டியிலிருந்து அகலமான தட்டுகளுக்கு மாற்றி, இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். பெரிய பேசினில் தண்ணீரும் ஐஸ் கட்டிகளும் போட்டு அதில் தட்டை வைத்து அவ்வப்போது கிளறுங்கள். அரை மணியில் நன்றாக ஆறிவிடும். பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துக் குளிர்ந்ததும் ஃப்ரீஸருக்கு மாற்றுங்கள். கொதிக்கும் சட்டியை அப்படியே உள்ளே வைத்தால் பக்கத்தில் உள்ளவையும் இளகும். அதற்குப் பயந்து இரவெல்லாம் வெளியே வைப்பது அதைவிட மோசம்.

3. ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம். இரண்டு கிலோவை ஒரே டப்பாவில் உறைய வைத்தால் இரண்டு கிலோவையும்தான் இளக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கான அளவு மட்டும். தடிமனாக இல்லாமல் தட்டையாகப் பொதியுங்கள். தட்டையானது சீக்கிரம் உறையும். மெதுவாக உறைந்தால் உள்ளே பெரிய பனித்துகள்கள் உருவாகி நாரைக் கிழிக்கும். இளக்கும்போது சாறெல்லாம் வடிந்து கறி சக்கையாகும். அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ 1910களில் கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, கடுங்குளிரில் பிடித்த மீன் நொடியில் உறைந்து, பின்னர் சமைத்தபோது புதிய மீன்போல் சுவைத்ததைப் பார்த்தார். 1920களில் உணவை மெல்லிய பொட்டலமாக்கிக் குளிர்ந்த தகடுகளுக்கிடையே அழுத்தி உறைய வைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். இன்றைய உறைந்த உணவுத் தொழில் வளர்ந்தது அதிலிருந்துதான்.

4. பாத்திரம் கவனம். மூடி இறுக்கமான, உணவுக்கு உகந்த டப்பா அல்லது கெட்டியான ஜிப் பை பயன்படுத்துங்கள். எவர்சில்வர் டப்பாவும் ஆகும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். எனவே குழம்பு டப்பாவில் மேலே ஒரு விரற்கடை இடம் விடுங்கள். கண்ணாடி ஜாடி வேண்டாம். செய்தித்தாளில் உணவைப் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. கறிக்கடையின் மெல்லிய கேரி பையும் ஃப்ரீஸருக்கு ஆகாது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடையும் உள்ளது. வீட்டிலிருந்து தூக்குவாளியோ டப்பாவோ எடுத்துச் சென்றால் நல்லது.

5. பெயரும் தேதியும் எழுதுங்கள். ஒரு காகித டேப் ஒட்டி, என்ன உணவு, எந்தத் தேதி, எத்தனை பேருக்கு என்று எழுதுங்கள். உறைந்த பிறகு தால்சாவும் குருமாவும் ஒன்றுபோலவே தெரியும். முதலில் வைத்ததை முதலில் எடுங்கள்.

6. ஃப்ரிட்ஜுக்குள் இளக்கி, கொதிக்க வைத்துப் பரிமாறுங்கள். ஸஹர் முடிந்ததும் அன்று மாலைக்கான பொட்டலத்தை ஃப்ரீஸரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டுத் தொழப் போங்கள். தட்டையான பொட்டலம் அஸருக்குள் இளகியிருக்கும். சமையல் மேடையில் வைத்து இளக்க வேண்டாம். நடுவில் கல்லாக இருக்கும்போதே ஓரங்கள் அறை வெப்பத்துக்கு வந்துவிடும். குழம்பு நடுவிலும் ஓரத்திலும் குமிழி விட்டுக் கொதிக்க வேண்டும். மைக்ரோவேவில் என்றால் பாதியில் எடுத்துக் கிளறி மறுபடி வையுங்கள். ஒருமுறை இளக்கிச் சூடாக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

என்ன செய்து வைக்கலாம்

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீஸர் ஏறத்தாழ 15 லிட்டர்தான் இருக்கும். அதில் ஒரே நாளில் எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் சரியாக உறையாது. ஒரு நேரத்தில் ஒரு கிலோ அளவு மட்டும் வைத்து, அது கல்லானதும் அடுத்ததை வையுங்கள். எனவே ஷஃபானின் கடைசி இரண்டு வாரங்களில் நான்கு நாட்களாகப் பிரித்துக்கொள்வோம்.

முதல் சனிக்கிழமை: அரை கிலோ இஞ்சி, அரை கிலோ பூண்டு அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளைத் தட்டி டப்பாவில் போடுங்கள். ஒரு கட்டி ஒரு சமையலுக்குச் சரியாக இருக்கும்.

முதல் ஞாயிறு: மூன்று கிலோ வெங்காயம், இரண்டு கிலோ தக்காளி சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்கிய மசாலா. சுண்டியபின் ஏறக்குறைய இரண்டு கிலோ வரும். பத்துப் பொட்டலமாக்குங்கள். சால்னா, குருமா, கோழிக் குழம்பு என எதற்கும் இதுவே அடிப்படை. சில வீடுகளில் ஆணம் என்று சொல்வோமே, அதற்கும் ஆகும்.

இரண்டாம் சனிக்கிழமை: இரண்டு கிலோ கைமா. கறிக்கடையில் கண்முன்னே கொத்தி வாங்கி அன்றே வேகவைத்துவிடுங்கள். கொத்திய கறி துண்டுக் கறியைவிட வேகமாகக் கெடும். பத்துப் பன்னிரண்டு சிறு பொட்டலங்கள் வரும். ஒன்று கஞ்சிக்கு, ஒன்று சமோசாவுக்கு, ஒன்று ஸஹர் சப்பாத்திக்கு.

இரண்டாம் ஞாயிறு: ஐம்பது சமோசா. உள்ளீடு முழுவதும் ஆறிய பிறகே மடியுங்கள். சூடாக இருந்தால் மேல்மாவு ஊறிவிடும். பொரிக்காமல், தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி உறைய வைத்து, பின் டப்பாவில் போடுங்கள். இளக்காமல் நேராக மிதமான எண்ணெயில் சிலவாகப் போட்டுப் பொரிக்கலாம்.

இவையெல்லாம் நோன்பின் முதல் பத்து நாட்களுக்கு வரும். பிறகு ஒரு விடுமுறை நாளில் குறைந்தவற்றை மட்டும் நிரப்பிக்கொள்ளலாம்.

தால்சாவின் பருப்பு, பாயா, கோழிக் குழம்பு இவை நன்றாக உறையும். தேங்காய்ப் பால் சேர்த்த குழம்பு இளகும்போது பிரியும். எனவே பாலைச் சூடாக்கும்போது சேருங்கள். உருளைக்கிழங்கு பொடிந்துபோகும், அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகும், தயிர்ப் பச்சடி நீர்விடும். இவற்றை வைக்க வேண்டாம். பிரியாணிக்குக் கறி மசாலாவை மட்டும் உறைய வைத்து, அரிசியை அன்றன்று வடித்துத் தம் போடுவதே சுவை. மீன் குழம்பு உறைந்து இளகினால் மீன் உதிரும். லூப் ரோடு மீன் அங்காடியில் வாங்கிய மீனைச் சுத்தம் செய்து, ஈரம் துடைத்துப் பச்சையாகவே வையுங்கள். மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன்களை இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

சமைத்த கறிக் குழம்பும் இரண்டு மூன்று மாதங்களுக்குள் தீர்ந்துவிட வேண்டும். ஆனால் ஒரு சோதனை செய்யுங்கள்: உங்கள் ஃப்ரீஸரில் ஐஸ்கிரீம் கல்லாக நிற்கிறதா? இளகலாக இருந்தால் அது மைனஸ் 18 டிகிரிக்குப் போகவில்லை என்று பொருள். அப்படியானால் இஞ்சி பூண்டும் வெங்காய மசாலாவும் மட்டும் முன்கூட்டி வைத்து, கைமாவையும் சமோசாவையும் அந்தந்த வாரத் தேவைக்கு மட்டும் செய்யுங்கள். ஃப்ரீஸரில் பனி கட்டியிருந்தால் ஷஃபானிலேயே அணைத்து, கரைத்துத் துடைத்துவிடுங்கள்.

நோன்புக் கஞ்சி பற்றித் தனியாக

பள்ளிவாசல்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் நோன்புக் கஞ்சிக்காகப் பச்சரிசி வழங்குகிறது. அஸருக்குப் பிறகு பிள்ளைகள் தூக்குவாளியுடன் வரிசையில் நின்று கஞ்சி வாங்கி வருவது நம் மஹல்லாக்களின் அழகு. இஃப்தாருக்கு அது தீர்ந்துவிட்டால் ஒரு குறையும் இல்லை. மிஞ்சியதை அதே தூக்குவாளியில் மூடி, ஸஹர்வரை மேடையில் வைத்திருந்து சூடாக்கிக் குடிப்பதுதான் பிரச்சினை.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் இருக்கும். அவை கொதியிலும் சாகாது. கஞ்சி வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. வாசனையிலும் நிறத்திலும் தெரியாது. மாலை ஆறரை முதல் விடிகாலை நாலரை வரை பத்து மணி நேரம். மக்ரிப் தொழுததும் மிஞ்சிய கஞ்சியைத் தட்டையான பாத்திரத்தில் ஊற்றி, ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஸஹரில் கொதிக்க வைத்துக் குடியுங்கள். வெளியிலேயே இருந்துவிட்டதைக் கொட்டிவிடுவதே சரி. அது வீண்விரயம் என்று மனம் உறுத்தினால், மறுநாள் ஒரு கரண்டி குறைவாக வாங்குவதுதான் அதற்குப் பரிகாரம்.

நோன்பு நாளில் வாந்தியும் பேதியும் வந்தால் உடலில் நீர் வற்றும். பெரியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அது பெரிய ஆபத்தாகலாம். நோயால் நோன்பை விடவும், பின்னர் களாச் செய்யவும் நேரும். ஒரு தட்டு ஐஸ் தண்ணீர் இத்தனையைத் தடுக்கிறது.

கரண்ட் போனால்

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஆறு பெருகியபோதும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நம் பகுதிகள் பலவற்றில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது ஃப்ரீஸரில் இருந்ததை என்ன செய்வது என்று பலர் திகைத்தார்கள்.

இங்கே மெரினாவை ஒட்டிய ஐஸ்ஹவுஸை நினைத்துக்கொள்வோம். இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் அந்தக் கட்டடம் 1842 இல் அமெரிக்க வணிகர் ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனத்தால் ஐஸ் சேமிக்கக் கட்டப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிப்பாளங்கள் கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து சென்னை வந்தன. அந்தக் காலத்தில் ஏது ஃப்ரீஸர்? பாளங்களை நெருக்கமாக அடுக்கி, மரத்தூளால் பொதிந்து, காற்றுப் புகாமல் வைத்ததால்தான் அவை கரைந்துபோகாமல் வந்து சேர்ந்தன.

நமக்கும் அதே விதிதான். நிறைந்த ஃப்ரீஸர் அதிக நேரம் குளிர் தாங்கும். காலி இடத்தில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வையுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த தனி டீப் ஃப்ரீஸர் மூடியபடி இருந்தால் 48 மணி நேரம்வரையும், பாதி நிறைந்தது 24 மணி நேரம்வரையும் தாங்கும். நம் ஃப்ரிட்ஜின் சின்ன ஃப்ரீஸரை அவ்வளவு நம்ப வேண்டாம். கீழே உள்ள ஃப்ரிட்ஜ் பகுதி 4 மணி நேரம்தான்.

ஊருக்குப் போகும்போது ஒரு தம்ளர் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. அடியில் போய் உறைந்திருந்தால், இடையில் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது, கறியை எறிந்துவிடுங்கள். மற்ற நேரங்களில், பொட்டலத்தின் உள்ளே இன்னும் பனித்துகள் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். முழுக்க இளகிச் சில்லென்று மட்டும் இருந்தால் அன்றே சமைத்து, அக்கம்பக்கத்துக்குச் சுடச்சுடக் கொடுத்துவிடுங்கள். குளிர்ச்சி போய் இரண்டு மணி நேரத்துக்கு மேலானால் கொட்டிவிட வேண்டியதுதான்.

அண்டை வீட்டாரின் பங்கு

இனி இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. நம் வீட்டு ஃப்ரீஸரில் பத்துப் பொட்டலம் இருந்தால் அதில் ஒன்றில் நம் பெயர் எழுத வேண்டாம். அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரை நமக்குத் தெரியும்: குழம்பு சமைத்தால் தண்ணீரைக் கூட்டி, அண்டை வீட்டாரையும் கவனிக்கச் சொன்னார்கள். மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, துயரத்தில் இருக்கும் அவர்களின் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி சொன்னார்கள். மையித்து வீட்டுக்கு, பிரசவமான வீட்டுக்கு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாக வாழும் முதியவருக்கு உணவு தேவைப்படும்போது நமக்கு அவகாசம் இருக்காது. ஃப்ரீஸரில் ஒரு பொட்டலம் இருந்தால் அரை மணியில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

கொடுப்பதற்கும் ஒழுங்கு உண்டு. வாங்குபவர் வீட்டில் ஃப்ரீஸர் இருக்கிறதா என்று நாசூக்காகத் தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் உதவிக்காகச் செல்லும் ஒற்றை அறை வீடுகள் பலவற்றில் ஃப்ரிட்ஜே இல்லை. அவர்களுக்கு உறைந்த பொட்டலத்தைக் கொடுத்தால் சங்கடத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம். நம் வீட்டிலேயே கொதிக்க வைத்து, இஃப்தாருக்குச் சற்று முன் சூடாகக் கொடுங்கள். அன்றே சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள்.

1954 இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் முயற்சியில் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வெளியூர்களிலிருந்து வருபவர்கள் அக்கம்பக்கத்தில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். உடனிருப்பவர்களுக்கு நம் வீட்டுச் சாப்பாடு பெரிய உதவி. ஆனால் கீமோ சிகிச்சையில் இருப்பவரின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். நோயாளிக்கென்று கொடுப்பது அன்று சமைத்ததாக, சூடாக, மருத்துவர் அனுமதித்ததாக மட்டும் இருக்கட்டும்.

ஹஜ்ஜுப் பெருநாளையும் இப்போதே நினைவில் வைப்போம். அன்று ஒரே நாளில் ஏழை வீட்டுக்கு நாலு பக்கமிருந்தும் பச்சை இறைச்சி வரும். வைக்க இடமில்லாமல் இரண்டு நாளில் தீர்க்க வேண்டியிருக்கும். பத்தாம் நாள் அந்த வீட்டில் கறி இருக்காது. நம் ஃப்ரீஸரிலோ முஹர்ரம்வரை இருக்கும். எனவே ஒரு யோசனை சொல்கிறோம். அவர்களுக்குரிய பங்கை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அவர்கள் விரும்பினால், அவர்கள் பெயரும் தேதியும் எழுதி அரை அரை கிலோவாக உங்கள் ஃப்ரீஸரில் அமானிதமாக வைத்துக்கொண்டு, கேட்கும்போது எடுத்துக் கொடுங்கள். அது உங்கள் பொருள் அல்ல. விருந்தாளி வந்துவிட்டார் என்று அதிலிருந்து எடுக்க முடியாது. பங்கீட்டின் சட்டங்களைப் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அறுத்த உடனே சூடு ஆறாத கறியை உறைய வைத்தால் அது விறைத்துக் கடினமாகிவிடும். சிறு துண்டுகளாக்கி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் அரை நாள் முதல் ஒரு நாள்வரை வைத்துப் பிறகு ஃப்ரீஸருக்கு மாற்றினால் கறி மென்மையாக இருக்கும். ஐந்து கிலோவை ஒரே பையில் திணித்தால் நடுப்பகுதி குளிர்வதற்குள் கெடத் தொடங்கும்.

ஆண்களுக்கு ஒரு சொல்

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழச் செல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மேலே சொன்ன நான்கு நாள் வேலையும் பெண்களின் தலையில் மட்டும் விழுந்தால், ரமலானின் சுமையை ஷஃபானுக்கு மாற்றியதாகத்தான் ஆகும். வெங்காயம் உரிப்பது, பூண்டு தோல் எடுப்பது, டேப்பில் பெயர் எழுதுவது, ஸஹருக்குப் பின் பொட்டலத்தைக் கீழ்த்தட்டுக்கு மாற்றுவது இவை வாப்பாவும் பிள்ளைகளும் செய்யக்கூடியவை.

குடும்பத்தோடு உட்கார்ந்து பேச மூன்று கேள்விகள்:

1. சென்ற ரமலானில் நம் வீட்டில் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையே குர்ஆன் ஓத யாருக்கு நேரம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை?

2. இப்போது நம் ஃப்ரீஸரில் இருப்பவற்றில் பெயரும் தேதியும் தெரியாதவை எத்தனை?

3. நம் தெருவில் யாருக்காக ஒரு பொட்டலம் எடுத்து வைக்கலாம்?

மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாதவர்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் விசாரியுங்கள். உதவி தேவைப்படும் வீட்டாரின் கண்ணியம் குறையாதபடி வழி சொல்கிறோம். நம் நோன்பையும் நம் அடுப்படிகளில் உழைக்கும் கைகளையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.